பழைய கணினிக்குப் புதுப் பணி

மூலையில் உறங்கும் மேசைக்கணினியை வீட்டு இணையத்திற்கு ரௌட்டராக அமைக்கலாமா என நண்பர் வினவினார். இயலும், ஈதர்நெட் இணைப்புகள் இரண்டும், ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற இலவச மென்பொருளும் போதும். உற்பத்தியாளர் கைவிட்ட சிறு ரௌட்டரைவிட, பாதுகாப்புத் திருத்தங்களைத் தொடர்ந்து பெறும் இப்பொறி மேலானதே. ஆயின் மின்சாரம்? 60 வாட் உண்ணும் கணினி இரவுபகலாக இயங்கின், 30 நாளில் 43 யூனிட் செலவாகும். 10 வாட் பெட்டிக்கோ ஏறத்தாழ 7 யூனிட்தான். சிக்கனம் என்றெண்ணி யானையைக் கட்டித் தீனி போடுவதா? வைஃபைக்கும் பெரும்பாலும் தனிக்கருவி வேண்டியிருக்கும். வீட்டிற்கு வேண்டாம் என்றேன். பள்ளிக்கெனில் என் விடை வேறு: மூடியைக் கழற்றி, ஒரு கம்பியில் வெளியுலகும் மறு கம்பியில் வகுப்பறையும் இணைவதை மாணவர் கண்ணாரக் காணலாம். பாடம் முடிந்ததும் விசையை அணைத்துவிடலாம்.