விரல் எடுத்த பிறகு

என் தமக்கை மகன் ஒரு நாள் சாயங்காலம் வந்து, "மாமா, எனக்குத் தாள ஞானமே கிடையாது போலிருக்கிறது" என்றான். முகம் தொங்கிப் போயிருந்தது.

விஷயம் இதுதான். ரிக்கார்டைக் கையால் தொட்டு வாசிக்கும் பழைய முறை டி.ஜே. ஆகவேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஆறு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, மலிவாக இரண்டு டர்ன்டேபிள் வாங்கியிருந்தான். வாங்கும்போது என்னையும் கடைக்கு அழைத்துப் போனான். நான் ஒரு பாட்டைப் போடச் சொல்லிக் கேட்டேன்; இனிமையாக இருந்தது. பெட்டியும் பளபளவென்று இருந்தது. "பேஷாக வாங்கலாம்" என்று அபிப்பிராயம் சொல்லிவிட்டேன். ஆகவே இந்தக் கதையில் எனக்கும் பங்கு உண்டு.

டி.ஜே.யின் முதல் பாடம், ஒரு பாட்டு முடிவதற்குள் இன்னொன்றை அதே தாளத்தில் அதன்மேல் ஏற்றிவிடுவது. இரண்டும் நிமிஷத்துக்கு 100 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நூற்றில் ஒரு பங்கு வேகம் குறைந்தாலும் நிமிஷத்துக்கு ஓர் அடி பின்தங்கிவிடும். அரை நிமிஷத்திலேயே ஒன்றின் அடி மற்றதன் இரண்டு அடிகளுக்கு நடுவே விழும். பையனுக்கு நாள்தோறும் அதுதான் நேர்ந்தது. அவன் தன் காதைக் குறை சொல்லிக்கொண்டான்.

அன்று இரவே இருவரும் உட்கார்ந்து பரிசோதித்தோம். சுழலும் தட்டின்மேல் வழவழப்பான துணி வட்டம் ஒன்று இருக்கும், அதன்மேல்தான் ரிக்கார்டு. விரலால் ரிக்கார்டைப் பிடித்து நிறுத்தினால், அடியில் தட்டு தன்பாட்டுக்குச் சுற்றவேண்டும். விரலை எடுத்ததும் ரிக்கார்டு முழு வேகத்தைப் பிடிக்கவேண்டும். இங்கேயோ, விரல் பட்டதுமே தட்டும் கூடவே தளர்ந்தது. விரலை எடுத்த பிறகு, பாரவண்டி மேடேறுவதுபோல மெல்ல மெல்ல நகர்ந்தது.

தட்டைத் தூக்கிப் பார்த்தோம். மோட்டார் ஒரு மூலையில் இருந்தது. மெல்லிய ரப்பர் பெல்ட் ஒன்று தட்டை இழுத்துக்கொண்டிருந்தது. சாய்ந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறவனுக்கு அது குறையே அல்ல. மோட்டாரின் அதிர்வு ஊசிக்குப் போகாமல் அது காக்கிறது. பிடித்துப் பிடித்து விடுகிற கைக்குத்தான் அது ஈடுகொடுக்காது.

மோட்டாரே தட்டுக்கு நேர் அடியில் இருந்து சுற்றும் யந்திரத்தை ஜப்பானில் டெக்னிக்ஸ் 1970-இல் கொண்டுவந்தது. 1972-இல் வந்த எஸ்.எல்.1200 வீட்டில் பாட்டுக் கேட்பவர்களுக்காகத்தான் பிறந்தது. அந்த வருஷங்களில்தான் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் ஒரே பாட்டின் இரண்டு ரிக்கார்டுகளை வைத்துக்கொண்டு, தாளவாத்தியம் மட்டும் ஒலிக்கும் இடத்தை மாற்றி மாற்றி நீட்டிக்கொண்டிருந்தார். அந்த மாதிரிக் கைகள் நாளடைவில் எஸ்.எல்.1200-ஐத் தமதாக்கிக்கொண்டன. 1979-இல் வந்த இரண்டாம் பதிப்பு, நின்ற நிலையிலிருந்து முக்கால் விநாடிக்குள் முழு வேகத்துக்கு வந்துவிடும். வேகத்தை 8 சதவீதம் கூட்டவோ குறைக்கவோ நீளமான நகர்த்தி ஒன்றும் அதில் சேர்ந்தது. 2010-இல் உற்பத்தி நின்று, 2016-இல் புது உருவத்தில் மறுபடியும் வந்தது.

அந்த விலை ஆரம்பக்காரனுக்கு எட்டாது. ஆனால் மற்றக் கம்பெனிகள் குறைந்த விலையில் செய்யும் டைரக்ட் டிரைவ் யந்திரங்கள் உண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டால், கடையில் பாட்டைக் கேட்டு மயங்காதீர்கள். ரிக்கார்டை விரலால் நிறுத்திப் பாருங்கள். ஊசியின் பாரத்தைத் திருகிச் சரிசெய்ய முடிகிறதா என்றும் பாருங்கள். முடியாவிட்டால் ரிக்கார்டு தேய்வதைத் தடுக்க வழியில்லை. இரண்டு மட்டமானதைவிட நல்லது ஒன்று மேல். அடுத்த பாட்டுக்குக் கம்ப்யூட்டரே போதும்.

பையன் இரண்டையும் விற்று, பழையதில் ஒரு டைரக்ட் டிரைவ் வாங்கினான். மூன்றாவது வாரம், இரண்டு பாட்டுகள் நாலு நிமிஷம் பிரியாமல் சேர்ந்து போயின. "மாமா, கேட்டீர்களா?" என்று கத்தினான்.

எனக்குப் பத்து வயதில் அப்பா திருவிழாக் கடையில் ஒரு புல்லாங்குழல் வாங்கிக்கொடுத்தார். ஒரு வருஷம் ஊதினேன், ஸ்வரம் நிற்கவில்லை. எனக்குச் சங்கீதம் வராது என்று நானே தீர்ப்புச் சொல்லி, அதைப் பரணில் போட்டேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அதைத் தூசிதட்டி எடுத்துப்போய், விஷயம் தெரிந்த ஒருவரை ஊதிப் பார்க்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.