தாய்வழி வந்த அரியணை

சோழர் சரித்திரம் படிப்போர்க்கு 1070-ஆம் ஆண்டு ஒரு பெரிய ஆண்டு. அவ்வாண்டில் அதிராசேந்திரன் மாண்டான். விசயாலயன் தொடங்கி, தந்தைக்குப்பின் மகன், தமையனுக்குப்பின் தம்பி என்று வந்த ஆண்வழி அத்துடன் அரியணையில் அற்றது. அடுத்து முடி சூடிய முதற் குலோத்துங்கன், தந்தை வழியிற் பார்த்தால் சோழனே அல்லன். வேங்கி நாட்டுக் கீழைச் சளுக்கியன். ஆயினும் தஞ்சைக்கும் கங்கைகொண்ட சோழபுரத்திற்கும் அவன் அந்நியனும் அல்லன். அவனைப் பெற்றவள் சோழன் மகள். அவன் தந்தையைப் பெற்றவளும் சோழன் மகள். அவன் கைப்பிடித்தவளும் சோழன் மகளே. மூன்று பெண்களின் கலியாணத்தால் விளைந்த உரிமைகொண்டு அவன் அரை நூற்றாண்டு ஆண்டான்.

அம்மூன்று பெண்களின் பெயரைச் சொல்லவல்லார் நம்மில் எத்தனை பேர்? ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நாம் எட்டாம் ஹென்றியின் மனைவியர் அறுவரையும் வரிசை தவறாது ஒப்பித்ததுண்டு. சுங்கம் தவிர்த்த சோழனைப் பெற்ற தாயின் பெயரை எந்த ஆசிரியரும் நம்மைக் கேட்டதில்லை. தோட்டக் கிராணியாகிய நாம் நாடோறும் தொழிலாளர் பெயர்களை எழுதுகிறோம். இன்னார் மகன், இன்னார் மகள் என்று இந்நாட்டுத் தமிழர் பெயரோடு ஒட்டி நிற்பது தந்தை பெயர் ஒன்றே. பெற்றவள் பெயருக்கு அங்கு இடமில்லை.

முதற்பெண் குந்தவை. கல்கியின் 'பொன்னியின் செல்வ'னால் தமிழருலகம் அறிந்த குந்தவை இவளல்லள். அவள் முதலாம் இராசராசனின் தமக்கை, வல்லவரையர் வந்தியதேவரின் மனைவி. நாம் சொல்லும் இளைய குந்தவை இராசராசனின் மகள்; அத்தையின் பெயரைத் தாங்கியவள். 973-இல் வேங்கியின் ஆட்சியைச் சடாசோட வீமன் பறித்துக்கொண்டான். அந்நாட்டு அரசகுமாரராகிய சத்திவர்மனும் விமலாதித்தனும் சோழரிடம் அடைக்கலம் புகுந்தனர். இராசராசன் படை அனுப்பி, நூற்றாண்டு திரும்பும் வேளையில் மூத்தவனாகிய சத்திவர்மனை வேங்கி அரியணையில் இருத்தினான்; இளையவனாகிய விமலாதித்தனுக்குத் தன் மகளைக் கொடுத்தான். கிருட்டிணை, கோதாவரி ஆகிய இரு பேராறுகளுக்கு இடைப்பட்ட அந்நெல் வளநாட்டின்மேல் மேலைச் சளுக்கியருக்கும் கண் இருந்தது. அவர்கள் கைக்கு அது போகாதிருக்க இட்ட முடிச்சே இக்கலியாணம்.

குந்தவையின் மகன் இராசராச நரேந்திரன். நன்னயரைக் கொண்டு தெலுங்கிற் பாரதம் பாடுவித்த அரசன் இவனே. குந்தவையின் உடன்பிறந்தானாகிய முதலாம் இராசேந்திரன், தன் மகள் அம்மங்கையை இவனுக்குக் கொடுத்தான். அம்மங்கைக்குப் பிறந்த பிள்ளைக்குத் தாய்ப்பாட்டன் பெயராகிய இராசேந்திரன் என்பதே பெயராயிற்று. பின்னாளில் குலோத்துங்கன் ஆனவன் அவனே. அவனுக்கு அம்மங்கையின் உடன்பிறந்தானாகிய இரண்டாம் இராசேந்திரன் தன் மகள் மதுராந்தகியைக் கொடுத்தான். இரண்டு தலைமுறையிலும் மாமன் மகளையே மணந்தனர். நம் லயத்து வீடுகளில் 'முறைப்பெண்' என்று வழங்குவது இதுதான்.

நிற்க. இவ்வரலாற்றை நாம் தேடிப் படிக்கக் காரணமானது ஒரு குடும்பப் பேச்சு. நமது தமக்கையின் மகனுக்கு நமது தமையனின் மகளைக் கொடுப்பதென்று, அப்பெண் தொட்டிலிற் கிடந்த நாளிலேயே வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. இப்போது அவளுக்கு இருபது வயது. கணக்கியல் படித்து வருகிறாள். நாள் குறிக்கவேண்டுமென்று பெரியவர்கள் கூடினர். குடும்பத்திற் படித்தவரென்று நம்மையும் அழைத்தனர். பால்மரக் காலத்தில் உழைத்து ஓய்ந்த நமது பெரியப்பா, "தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சோழ ராஜாக்களே மாமன் மகளைத்தானே கட்டினார்கள். நாம் அவர்களைவிடப் பெரியவர்களா?" என்றார். சபை முழுதும் தலையசைத்தது. அவருடைய கேள்வியை நாம் இலேசாக எண்ணவில்லை. ராஜாக்கள் செய்ததை முழுவதும் பார்த்துப் பேசுவோம் என்று தவணை கேட்டு வந்தோம்.

பார்த்த அளவில் முதலிற் புலப்பட்டது இது. இராசராசன் மகளைக் கொடுத்தது தெலுங்கு நாட்டானுக்கு. சோழர் தம்மைச் சூரிய குலமென்றனர். சளுக்கியரோ சந்திர குலமென்றனர். மொழி வேறு, நாடு வேறு, குலம் வேறு. முறைப்பெண்ணுக்குச் சோழரைச் சாட்சிக்கு அழைப்போர், "நம் சாதிக்குள்ளேயே இருக்கட்டும்" என்று அதே மூச்சிற் சொல்கின்றனர். சாட்சி அவ்விடத்தில் அவர்களுக்கு எதிராகவன்றோ பேசுகிறது!

இரண்டாவது, அக்கலியாணங்கள் கொண்டுவருமென்று எதிர்பார்த்த அமைதி வரவில்லை. விமலாதித்தனுக்கு வேறொரு மனைவியிடத்துப் பிறந்த விசயாதித்தன், மேலைச் சளுக்கியர் துணையோடு அரசுரிமைக்கு எழுந்தான். நரேந்திரன் 1022-இல் முடி சூடியதே சோழப் படையின் காவலில்தான். 1061-இல் அவன் இறக்கும்வரை தமையன் தம்பியர் பகை ஓயவில்லை. இறந்தபின் வேங்கி அம்மங்கையின் மகனுக்குக் கிட்டாமல் விசயாதித்தன் கைக்குப் போயிற்று. உறவை இறுக்கினால் சண்டை ஓயுமென்பது அரசர் வீட்டிலேயே பலிக்கவில்லை.

மூன்றாவது, அரசர் பெண் கொடுத்தது நாட்டைக் காக்க. நம் முன்னோர் முறை பார்த்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. கங்காணியின் பின்னே கப்பலேறி வந்தவர்களுக்கு இம்மண்ணில் உறவென்று இருந்தது சில குடும்பங்களே. தெரிந்த வீட்டிற் கொடுத்தால் பெண் பட்டினி கிடக்கமாட்டாள் என்பது அவர்களுடைய நியாயம். அந்த நியாயத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்தை விட்டுப் பிள்ளைகள் ஜொகூர் பாருவிற்கும் சிங்கப்பூருக்கும் போயினர். காரணம் கழன்றபின்னும் கட்டு மட்டும் நிற்பானேன்?

இவை யாவற்றினும் பெரிது ஒன்றுண்டு. குந்தவையை யாரேனும் கேட்டனரா? கொடுத்தான், கொண்டான் என்று பேசும் வமிசாவளிகளில் விருப்பம் என்ற சொல்லுக்கே இடமில்லை. இத்தனைக்கும் சோழர் வீட்டுப் பெண்கள் வாயற்றவர் அல்லர். தான் கொடுத்தவற்றோடு தன் தமக்கையும் தன் மனைவியரும் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு இராசராசன் ஆணையிட்டான். பொன் கொடுக்கும் உரிமை பெண்ணுக்கு இருந்தது. தன்னைக் கொடுக்கும் உரிமையோ தந்தையிடமே தங்கிற்று.

நாம் வாழும் பண்டார் தெங்காராவின் பக்கத்திலேயே இதனினும் கொடிய கதையொன்று வழங்குகிறது. ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் கருங்கற் கோட்டையொன்று இருந்ததென்றும், கலிங்கத்திலிருந்து படையெடுத்துவந்த இராஜா சூரன் அதன் அரசனைக் கொன்று அவன் மகள் ஓனாங் கியுவை மணந்தான் என்றும் 'செஜாரா மெலாயு' கூறுகிறது. 1025-இல் இராசேந்திரன் கடாரத்தின்மேற் செலுத்திய கடற்படையெடுப்பின் நினைவே இக்கதையில் நிற்கிறதென்று கருதுவோர் உளர். அக்கோட்டையைக் காட்டிற் தேடியோரும் உளர். கதையாயினும் ஆகுக, தகப்பனைக் கொன்ற கைக்கே மாலையிட்ட பெண்ணின் மனம் என்ன பாடுபட்டதென்று கதை சொன்னவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இது கீழ்நாட்டார்க்கே உரிய குறையென்று எண்ணற்க. குந்தவையின் காலத்தவள் நார்மண்டி நாட்டு எம்மா. 1002-இல் அவளை இங்கிலாந்தின் அரசன் எதெல்ரெட்டுக்குக் கொடுத்தனர். அவன் இறந்தபின், அந்நாட்டை வென்ற டேனிய அரசன் கனூட் 1017-இல் அவளை மணந்தான். இருவருக்கும் பிறந்த பிள்ளைகள் அரசராயினர். 1066-இல் வில்லியம் இங்கிலாந்தின் முடியைக் கேட்டபோது காட்டிய உறவும் எம்மாவின் வழி வந்ததே. அவள் அவன் பாட்டனின் உடன்பிறந்தாள். நான்காண்டு கழித்துக் குலோத்துங்கன் கேட்டதும் பெண்வழி உரிமையே. உலகின் இரு கோடியிலும் ஆண்கள் பெண்வழியே அரியணை ஏறினர். ஏறியபின் ஏணியின் பெயரை மறந்தனர்.

இன்று நிலைமை வேறு. 1976-இல் இயற்றப்பட்டு 1982-இல் நடைமுறைக்கு வந்த இந்நாட்டு விவாகச் சட்டப்படி, இருவரும் மனமார இசைகின்றனர் என்று பதிவதிகாரி தெளியாமல் விவாகம் செய்விக்கலாகாது. இராசராசன் கேட்காத கேள்வியை ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர் கேட்டே ஆகவேண்டும். ஆனால் பந்தல் போட்டு, பத்திரிகை அடித்து, ஊரை அழைத்தபின் கேட்கும் கேள்விக்கு எந்தப் பெண் 'இல்லை' என்பாள்?

ஆதலால் முன்னரே கேட்பதென்று துணிந்தோம். தமையனாரின் அனுமதியோடு, அண்ணியாரையும் உடன் வைத்துக்கொண்டு, அப்பெண்ணைக் கேட்டோம். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சித்தப்பா, அத்தான் நல்லவர். ஆனால் எனக்கு வேண்டாம். இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் யாருமே கேட்கவில்லை" என்றாள். அண்ணியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தொட்டிலில் வாக்குக் கொடுத்த நாளில் தம்மையும் ஒருவரும் கேட்கவில்லை என்று அப்போதுதான் சொன்னார்.

சபையில் நாம் இதனை உள்ளபடி உரைத்தோம். பெரியப்பா எழுந்து போய்விட்டார். அன்று முதல் தமக்கையார் நம் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. நம்மைத் தூக்கி வளர்த்தவர் அவர். அவர் முகங்கொடாத நாள் ஒவ்வொன்றும் நமக்கு ஒரு சுமையே. அச்சுமையை அப்பெண்ணின் தலையில் இறக்கி வைத்து நாம் இலேசாக விரும்பவில்லை. தமக்கையின் மகனோ வருத்தமின்றி நம்மோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறான். அவனையும் எவரும் கேட்டதில்லையாம்!

தோழர்களே, முறை என்பது உறவுக்கு இட்ட பெயர். அத்தை வீடும் மாமன் வீடும் ஒட்டி வாழ அன்பு போதும். ஒரு பெண்ணை ஈடு வைக்க வேண்டுவதில்லை. குந்தவை, அம்மங்கை, மதுராந்தகி என்ற பெயர்களை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். பேரரசு ஒன்று அவர்கள் வழியாக வந்ததென்று சொல்வோம். அவர்களை ஒருவரும் கேட்கவில்லை என்பதையும் மறையாது சொல்வோம். கலியாணப் பேச்சு எழும் வீட்டில், சோதிடரைக் கேட்குமுன், சாதியைக் கேட்குமுன், சீர்வரிசையைக் கேட்குமுன், பெண்ணைக் கேட்பீராக.