வந்த காரணம்

அப்பப்பாவின் அந்தியேட்டிக்கு அச்சடித்த கல்வெட்டில் ‘குடும்பப் பற்றாளர், சிவநெறிச் செல்வர், சமூகத் தொண்டர்’ என்று போட்டிருந்தார்கள். பொய்யில்லை. ஆனால் வெள்ளவத்தையில் எந்தக் கிழவர் செத்தாலும் இதைத்தான் போடுவார்கள். நான் அறிந்த அப்பப்பா, பூசிய திருநீறு காயமுன் முன்விறாந்தைக் கதிரையில் வந்திருந்து, யாரென்றே தெரியாத ஒருவருக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருப்பவர்.

பொலிஸ் பதிவுப் படிவம். யுத்த காலத்தில் வடக்கு கிழக்கிலிருந்து வந்து கொழும்பில் வீட்டிலோ லொட்ஜிலோ தங்குகிறவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், ஊர், வந்த காரணம் எல்லாம் எழுதிக் கொடுத்தாகவேண்டும். எங்கள் ஒழுங்கைக்கு வந்த படிவங்கள் சிங்களத்தில் இருக்கும். அப்பப்பாவுக்குச் சிங்களம் எழுத வந்ததே 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தால்தான். சோதனை பாஸ்பண்ணாத தமிழ்க் கிளாக்கர்மாருக்குச் சம்பள உயர்வு நின்றுபோன காலம். பிள்ளைகளும் பிறந்துவிட்டன. பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார். வேண்டாவெறுப்பாகப் படித்த அந்த எழுத்துக்குத்தான் பிறகு ஒழுங்கை முழுவதும் எங்கள் வாசலுக்கு வந்தது.

‘வந்த காரணம்’ என்ற கட்டத்தில் பேனை நிற்கும். செல்லடிக்குப் பயந்து வந்தவர் அதை எழுத முடியுமா? அப்பப்பா பொய்யும் எழுதமாட்டார். கிளிநொச்சியிலிருந்து வந்த ஒரு பெரியவரிடம், “கண் காட்ட வந்ததெண்டு போடுவம். ஆனா நாளைக்கு நீங்கள் கட்டாயம் காட்டவேணும், ஐயா” என்றார். மறுநாள் தானே கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வரிசையில் நின்றார். பெரியவருக்கு உண்மையிலேயே கண்புரை இருந்ததாம்.

உத்தியோகத்துக்கென்று கொழும்பு வந்த புதிதில் அப்பப்பா அறை எடுத்திருந்தது கொட்டாஞ்சேனையில். அந்தப் பாசம் விடவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டையில் இறங்கி, செட்டியார் தெருவால் நடந்து பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குப் போவார். 1856இல் பொன்னம்பல முதலியார் கட்டிய கோயிலை அவர் மகன் இராமநாதன் 1907இல் தொடங்கி 1912இல் கருங்கல்லில் முடித்தார். “தகப்பன் கட்டினதை மகன் கல்லிலை கட்டினான். உன்ர கொப்பர் என்ர மதிலுக்கு வெள்ளையடிக்கவே பஞ்சிப்படுறார்” என்பார், ஒவ்வொரு முறையும். செவ்வாய்க்கிழமை என்றால் கொச்சிக்கடை அந்தோனியாருக்கும் ஒரு மெழுகுதிரி. சைவப்பழம் இப்படிச் செய்யலாமா என்று கேட்டால், “போற வழியிலை இருக்கிறவரைப் பாராமல் போறது மரியாதையே?”

1897 ஜனவரியில் விவேகானந்தர் கொழும்பில் வந்திறங்கினார். 1902இல் இங்கே அவர் பெயரில் சபை ஒன்று எழுந்தது. அந்த விவேகானந்த சபை பாடசாலைப் பிள்ளைகளுக்கு நடத்தும் சைவசமய பாடப் பரீட்சை என்றால் அப்பப்பா பரபரப்பாகிவிடுவார். எனக்குச் சித்தி கிடைத்த வருடம், சான்றிதழில் என் பெயருக்கு ஒற்றுப் பிழை என்று அதைத் திருப்பிக் கொண்டுபோய்த் திருத்துவித்தார்.

2007 ஜூன் 7 விடியற்காலை, கொழும்பில் நிற்கத் தகுந்த காரணம் இல்லையென்று, வெள்ளவத்தை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து லொட்ஜுகளில் இருந்த 376 தமிழரை பஸ்களில் ஏற்றி வெளியேற்றினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடையுத்தரவு போட்டது. ஆனால் அந்த ஒரு பகல் அப்பப்பா சாப்பிடவில்லை. கட்டத்தைச் சரியாக நிரப்பினால் ஆள் தப்பும் என்று அத்தனை வருடம் நம்பிய மனிதர்.

அப்பம்மாவிடம் கேட்டால் கதை வேறு. 1983 ஜூலையில் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமுக்குப் போனதும், அப்பப்பா எங்கோ ஒரு சீஆர் கொப்பி தேடிப்பிடித்து வந்தவர்களின் பெயரெழுதத் தொடங்கினாராம். அப்பம்மாவையும் பிள்ளைகளையும் காங்கேசன்துறைக்கு லங்கா கல்யாணிக் கப்பலில் அனுப்பிவிட்டு, கொப்பியை யாரிடம் கொடுப்பது என்று தான் நின்றுவிட்டார். குடும்பப் பற்று எப்படிப்பட்டது என்று அப்பம்மாவுக்கு மட்டும் தெரியும்.

“நாலு பிள்ளையளும் கப்பல் முழுக்கச் சத்தி. நான் தனிய. பிறகு இஞ்சை படிவம் எழுத வந்த அவ்வளவு சனத்துக்கும் ஆர் தேத்தண்ணி ஊத்தினது? சீனி என்ன விலை வித்ததெண்டு அந்த மனுசனுக்குத் தெரியுமே, பிள்ளை?”