கல்லைப் பழக்கோணும்

கொழும்பில் நாங்கள் மூன்று பேரும் வாடகை அறைக்கு வந்தபிறகு இரண்டு நொன்ஸ்டிக் தோசைக்கல்லுகளைத் தூக்கி எறிந்துவிட்டோம். பூச்சு உரிந்தால் அதன் கதை முடிந்தது. மூன்றாவது முறை வார்ப்பிரும்புதான் என்று முடிவெடுத்தோம்.

கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று பாரம், சொரசொரப்பு. மற்றது வழவழப்பு, விலை நாலு மடங்கு. கடைக்காரர் விலை கூடினதைக் காட்டி, "இது வாழ்நாள் முழுக்க வரும்" என்றார்.

உண்மையில் இரண்டுமே வரும். இரண்டும் மணல் அச்சில் வார்த்த இரும்புதான். விலை கூடினதை வார்த்தபிறகு கடைந்து மினுக்குகிறார்கள். அந்த வேலைக்குத்தான் காசு. ஆனால் தோசை ஒட்டாமல் இருப்பது மினுக்கத்தால் மட்டும் இல்லை. எண்ணெய் சூட்டில் இறுகி, படலம் படலமாகப் படிவதால். அதைக் காசு குடுத்து முழுசா வாங்க ஏலாது.

மலிவானதை எடுத்தோம். முதல் தோசையைச் சுரண்டித்தான் எடுத்தோம். இரவு தண்ணியில் ஊறவிட்டதில் காலமை துரு. யார் ஊறவிட்டது என்று சண்டை வேற. எங்களில் ஒருத்தியின் அம்மா போனில் சிரித்தா: "கல்லைப் பழக்கோணும் பிள்ளையள். கழுவின உடன துடைச்சு, எண்ணெய் பூசிச் சூடாக்குங்கோ. அதில புளி, தக்காளி போட்டுச் சமைக்காதேங்கோ."

கை ஏலாதவர்கள் பாரம் குறைந்ததாகப் பார்த்துக் கூடக் காசு குடுப்பதில் பிழையில்லை. எங்களிடம் இருந்தது பொறுமை மட்டும்தான்.

இப்போது தோசை தானாகக் கிளம்புகிறது. அறையை விட்டுப் போகும்போது கல்லு யாருக்கு என்பதுதான் இப்பத்தைய சண்டை.