தொலைதூர அழகு சிகிச்சை: பொறுப்பு யாரிடம்?



வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம் இளைஞர்களிடையே இஸ்தான்புல் என்னும் பெயர் அண்மை ஆண்டுகளில் அடிக்கடி அடிபடுகிறது. உஸ்மானியர் எழுப்பிய பள்ளிவாசல்களைக் காண்பதற்காக அன்று. தலையில் முடி நட்டுக்கொள்வதற்காக. துபாயிலிருந்து ஏறத்தாழ ஐந்து மணி நேர விமானப் பயணம். விமான நிலையத்திலிருந்து அழைத்துச் செல்ல வாகனம், மூன்று இரவு ஹோட்டல், மொழிபெயர்ப்பாளர், சிகிச்சை அனைத்தும் அடங்கிய ஒரே தொகை. ஊரில் அதே சிகிச்சைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்து, சுற்றுலாவும் ஆயிற்று என்று கிளம்பிவிடுகிறார்கள்.

ஷார்ஜாவில் நாங்கள் ஐவர் தங்கியிருக்கும் அறையிலிருந்தும் ஒரு சகோதரர் சென்று வந்தார். வயது முப்பத்தொன்று. ஊரில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகைப்படத்தைப் பார்த்த இரண்டு வீட்டார் பதில் சொல்லாமலேயே விலகிக்கொண்டனர். அவருடைய தாயார் தொலைபேசியில் அழுததை நாங்கள் அறிவோம். எனவே, "இதெல்லாம் வீண் ஆசை" என்று அவரிடம் எவரும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. வழுக்கையை எளிதாகக் கேலி செய்யும் சமூகம், அதை மறைக்க முயல்பவனையும் கேலி செய்வது நியாயமாகாது.

மார்க்கத்தின் நிலையையும் நாங்கள் விசாரித்தே வைத்திருந்தோம். அழகுக்காக அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்துள்ளார்கள்; பச்சை குத்துவதும் பற்களை அரத்தால் தேய்த்து இடைவெளி உண்டாக்குவதும் அந்தக் கண்டனத்துள் அடங்கும். ஆனால் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்கு வைத்து, அது துர்நாற்றம் வீசியபோது, ஆண்களுக்கு விலக்கப்பட்ட தங்கத்திலேயே மூக்கு செய்துகொள்ள அனுமதித்தவர்களும் அவர்களே. குறையை நீக்குவது வேறு, நிறைவாக இருப்பதை மாற்றுவது வேறு என்று அறிஞர்கள் பிரித்துக் காட்டுவது இதனால்தான். பனூ இஸ்ராயீலரைச் சேர்ந்த மூவரைப் பற்றிய ஹதீஸில், வழுக்கைத் தலையர் நல்ல முடியைக் கேட்டபோது வானவர் தடவிக்கொடுக்க முடி வளர்ந்தது என வருகிறது. சொந்த முடியையே எடுத்து நடுவதை ஆகுமானதாகக் கருதும் ஆலிம்கள் இதனையும் சான்றாகக் காட்டுவர். ஆக, எங்கள் கவலை ஹலால், ஹராம் பற்றியதாக இருக்கவில்லை. யாருடைய கையில் தலையைக் கொடுக்கிறோம் என்பதே கவலையாக இருந்தது.

இந்தச் சிகிச்சையில் தலையின் பின்புறத்திலிருந்து முடி வேர்களை ஒவ்வொன்றாகத் துளையிட்டு எடுத்து, முன்புறத்தில் நுண்துளைகளிட்டு நடுகிறார்கள். ஒரே நாளில் சில ஆயிரம் வேர்கள். பின்புறத்தில் எடுக்கப்பட்ட இடத்தில் மீண்டும் முடி முளைப்பதில்லை. அளவுக்கு மீறி எடுத்துவிட்டால் அந்த இழப்பை எவராலும் ஈடுசெய்ய இயலாது. மரத்துப்போவதற்கான ஊசி மருந்தும் அளவு மீறினால் இதயத்தையும் மூளையையும் தாக்கக்கூடியது. இவ்வளவும் தேர்ந்த மருத்துவரின் கண்காணிப்பில் நடக்க வேண்டியவை. நடப்பதோ வேறு. மருத்துவப் பட்டம் இல்லாத உதவியாளர்களே பெரும்பகுதி வேலையைச் செய்யும் நிலையங்கள் பெருகிவிட்டன என்று முடி சீரமைப்பு மருத்துவர்களின் பன்னாட்டுச் சங்கமே எச்சரிக்கைப் பிரசாரம் நடத்துகிறது.

எங்கள் சகோதரரின் அனுபவமும் அவ்வாறே. மருத்துவர் எனப்பட்டவர் வந்து நெற்றியில் பேனாவால் கோடு வரைந்தார். சில நிமிடங்களில் போய்விட்டார். பிறகு எட்டு மணி நேரம் தலையைக் குடைந்தவர்களின் பெயர்கூட இவருக்குத் தெரியாது. மூன்றாம் நாள் விமானம் ஏறினார். ஐந்தாம் நாள் பின்தலையில் வலியும் சீழும். அந்த நிலையத்துக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால், "இது இயல்பே, கவலை வேண்டாம்" என்று உடனே பதில் வந்தது. ஷார்ஜா மருத்துவரோ, என்ன மருந்து செலுத்தினார்கள், எத்தனை வேர்கள் எடுத்தார்கள், செய்தவர் யார் என்று கேட்டார். கையிலிருந்த காகிதங்கள் துருக்கி மொழியில் இருந்தன. அவற்றிலும் ஹோட்டல் ரசீதே அதிகம்.

அந்நாட்களில் அவர் தொழுததை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. தலையைக் குனியக் கூடாது, நெற்றி தரையில் படக் கூடாது என்பதால் ஸஜ்தாவைச் சைகையால் செய்தார். ஷாஃபிஈ மத்ஹபில் தலையின் சிறு பகுதியைத் தடவினாலே மஸ்ஹு நிறைவேறும் என்பதால், காதுக்கு மேலே தீண்டப்படாதிருந்த பகுதியைத் தடவி உளூச் செய்தார். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகைகள்தாம் இவை. எனினும் நெற்றியைத் தரையில் வைக்க முடியாமல் அவர் பட்ட வேதனை முகத்தில் தெரிந்தது.

முடி நடுவதில் இத்துடன் தப்பியவர்கள் பலர். கொழுப்பை உறிஞ்சி எடுப்பது, வயிற்றுத் தோலை வெட்டி இறுக்குவது, எடுத்த கொழுப்பைப் பின்புறத்தில் செலுத்துவது போன்றவற்றுக்குப் பயணம் செய்வோரின் நிலை இன்னும் அபாயமானது. அமெரிக்காவிலிருந்து டொமினிக்கன் குடியரசுக்கு இத்தகைய சிகிச்சைக்காகச் சென்று 2009 முதல் 2022 வரை இறந்த அமெரிக்கக் குடிமக்கள் 93 பேர் என அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கிட்டுள்ளது. பிரேதப் பரிசோதனை விவரம் கிடைத்தவர்களில் பெரும்பாலோரின் மரணத்துக்குக் காரணம், இரத்தக் குழாயில் புகுந்து நுரையீரலை அடைத்த கொழுப்புத் துளி அல்லது இரத்தக் கட்டி. 2023இல் மெக்சிகோவின் எல்லை நகரமான மத்தமோரோஸில் இரண்டு நிலையங்களில் முதுகுத்தண்டு ஊசி வழியே பூஞ்சை பரவி, ஊர் திரும்பியபின் மூளையுறை அழற்சியால் பலர் மாண்டனர். தலைவலி தொடங்கிய நேரத்தில் அவர்கள் எல்லைக்கு இப்புறம் இருந்தார்கள். காரணமோ அப்புறத்தில் இருந்தது. வயிற்றிலோ மார்பிலோ அறுவை செய்துகொண்டவர் குறைந்தது பத்து நாளாவது விமானம் ஏறக் கூடாது என்பது அதே மையத்தின் அறிவுரை. மூன்று இரவுத் தொகுப்புகளில் இதற்கு ஏது இடம்?

ஊரிலேயே செய்தால் ஆபத்தில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 2016இல் சென்னையில் மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவரே முடி நடும் சிகிச்சையைத் தொடர்ந்து உயிரிழந்தார். ஆனால் அங்கே பெற்றோரால் கேள்வி கேட்க முடிந்தது, விசாரணை நடந்தது.

மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்தால் விளைவுக்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூதிலும் நஸாயீயிலும் பதிவாகியுள்ளது. ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் என்று பொருள்படும் 'ளாமின்' என்னும் சொல் அதில் வருகிறது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே நோயாளிக்கு இந்த உரிமை வழங்கப்பட்டுவிட்டது. ஆனால் கையைப் பிடித்து "நீ செய்தாய்" என்று காட்ட ஓர் ஆள் வேண்டும். பெயர் தெரியாத எட்டு மணி நேரக் கைகளை, தெரியாத மொழியில், விசா முடிந்த நாட்டில் எவ்வாறு தேடுவது? எங்கள் சகோதரர் எழுதிய மூன்றாம் முறையீட்டுக்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து பதில் வருவது நின்றுவிட்டது. குறைந்த விலை என்று நாம் மகிழ்வதில், இந்த உரிமையை விட்டுக்கொடுத்ததற்கான தள்ளுபடியும் சேர்ந்திருக்கிறது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

பலன் தெரிய ஓராண்டு ஆகும் என்பது இன்னொரு சிக்கல். நட்ட முடி முதலில் உதிர்ந்து, மூன்று நான்கு மாதங்கள் கழித்தே முளைக்கத் தொடங்கும். எங்கள் சகோதரருக்கு முன்புறத்தில் ஓரளவு முளைத்திருக்கிறது; பின்புறம் திட்டுத் திட்டாகத் தேய்ந்துபோயிருக்கிறது. தொப்பி அணிந்தால் தெரியாது. அல்ஹம்துலில்லாஹ், திருமணம் கூடிவிட்டது. பெண் வீட்டாரிடம் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

இப்போது எங்கள் அறையில் இன்னொரு தம்பி அதே பயணத்துக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார். அவரைத் தடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. வேறொரு நிலையத்துக்கு அவர் அனுப்ப வேண்டிய கேள்விகளை மட்டும் உட்கார்ந்து எழுதிக்கொடுத்தோம்: துளையிடப்போகிறவர் யார், அவருடைய பதிவு எண் என்ன, திரும்பி வந்தபின் சீழ் வைத்தால் செலவு யாருடையது, சிகிச்சைக் குறிப்பை ஆங்கிலத்தில் தருவீர்களா. விலை, தேதி, ஹோட்டல் பற்றிய கேள்விகளுக்குச் சில நிமிடங்களில் பதில் வந்தது. கூடவே பத்து விழுக்காடு தள்ளுபடியும். துளையிடுபவர் யார் என்ற கேள்விக்கு, "எங்கள் குழு" என்று ஒரு வரி. தம்பி மறுபடியும் கேட்டு எழுதியிருக்கிறார். பயணச்சீட்டு இன்னும் எடுக்கவில்லை.