ஐந்தாவது தெரிவு

மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வுக்குத் தயாராகத் தொடங்கியபோது கணிதம் எனக்குப் பெரிய அச்சமாக இருக்கவில்லை. விகிதம், சதவீதம், எளிய இயற்கணிதம் எல்லாம் பள்ளியில் கற்றவையே. கால்குலேட்டர் இன்றி 45 நிமிடங்களில் 21 கணக்குகள் என்பதும் பழகப் பழகக் கைவந்தது. என்னைத் தடுத்து நிறுத்தியவை 'டேட்டா சஃபிஷியன்சி' வினாக்கள். 2023-இல் தேர்வு மாற்றியமைக்கப்பட்டபோது இவை கணிதப் பகுதியிலிருந்து தரவுப் பகுதிக்கு இடம்பெயர்ந்தன.

இவை விடையைக் கேட்பதில்லை. விடை காண்பதற்குத் தந்த விவரம் போதுமா என்று மட்டுமே கேட்கின்றன. ஓர் எண் யாது? அதன் வர்க்கம் 49 என்கிறது முதற்கூற்று. 7 என்று மனம் முந்துகிறது. மைனஸ் 7-உம் பொருந்தும். அவ்வெண் பூஜ்யத்தைவிடப் பெரிது என்கிறது இரண்டாம் கூற்று. தனித்தனியே போதா, சேர்ந்தால் போதும். அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.

எல்லா வினாக்களுக்கும் அதே ஐந்து தெரிவுகள்தாம். 'இரண்டும் சேர்ந்தும் போதா' என்பது ஐந்தாவது. அதைத் தேர்ந்தெடுக்கத்தான் கை தயங்குகிறது. விடை வராவிட்டால் குறை நம்மிடமே என்று எண்ணப் பள்ளி நம்மைப் பழக்கியிருக்கிறது. அலுவலகத்திலும் அரைகுறை விவரத்தை வைத்து அடுத்த ஆண்டு விற்பனையைச் சொல்லிவிடுபவரே கெட்டிக்காரர். விவரம் போதாது என்பவருக்குத் துணிவில்லாதவர் என்று பெயர்.

ஆனால் இரு கூற்றுகளுக்கும் பொருந்தும் இரு வேறு விடைகளைக் கண்டுவிட்டால், ஐந்தாவது தெரிவு ஐயமற நிறுவப்பட்டுவிடுகிறது. இப்போதெல்லாம் கூட்டங்களில் யாரேனும் ஓர் எண்ணை உறுதியாகச் சொல்லும்போது, அதே விவரங்களுக்குப் பொருந்தும் இன்னோர் எண்ணை மனம் தேடத் தொடங்கிவிடுகிறது.