ஏழு அங்குலச் சத்தம்

"ஜெய்பீம் சொல்லிவிட்டு வெள்ளைக்காரன் கத்துகிற பாட்டையா தோழர் கேட்பீர்கள்?" பயிற்சி முகாம்களில் மாணவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பதோடு நிற்கவில்லை, அந்தத் தட்டுகளைத் தேடித் தேடி வாங்கியும் வைத்திருக்கிறோம் என்று சொன்னால் இன்னும் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். ஒருமுறை விளக்கமாகவே எழுதிவிடலாம் என்றுதான் இது.

நாங்கள் என்றால் நான்கு பேர். கோவையில் கல்லூரிக் காலத்துப் பழக்கம். ஒருவர் வழக்கறிஞர், ஒருவர் பவுண்டரியில் மோல்டிங் வேலை, ஒருவர் அரசுப் பள்ளி ஆசிரியை, இன்னொருவர் சமூகப் பணியாளர். நான்கு பேருமே அருந்ததியர் காலனிகளில் பிறந்தவர்கள். மாதம் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் போடுகிறோம். அதில் வாங்குவது ஹெவி மெட்டல் சிங்கிள்கள். ஏழு அங்குல வினைல் தட்டு, நிமிடத்துக்கு 45 சுற்று, பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு பாட்டு. அதிலும் பெரிய கம்பெனி போட்டதைவிட, வாசித்தவர்களே கைக்காசைப் போட்டு அச்சடித்ததுதான் எங்களுக்கு வேண்டும். ஏன் என்று சொல்ல முதலில் இரண்டு விரல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1965. இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஒரு தகட்டுப் பட்டறை. டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையனுக்கு அன்று அங்கே கடைசி நாள். வலது கை நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியையும் மெஷின் எடுத்துக்கொண்டது. இடதுகைப் பழக்கம் உள்ள கிதார்க்காரருக்கு வலது கைதான் கம்பியை அழுத்துகிற கை. இனி வாசிப்பு இல்லை என்று உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க வந்த பட்டறை மேலாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்த தட்டு. தீவிபத்தில் கை கருகி, இரண்டு விரல்களை நம்பியே வாசித்துப் புகழ்பெற்ற கலைஞர் அவர். ரோமானி இனத்தவர், அதாவது ஐரோப்பா தன் ஊர்களுக்கு வெளியே நிறுத்திவைத்த மக்களில் ஒருவர். அதைக் கேட்டபிறகு அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்தார். பிடிமானத்துக்கு அதன்மேல் பழைய தோல் சட்டையிலிருந்து வெட்டிய தோலை ஒட்டினார். மெல்லிய கம்பிகளுக்கு மாறினார். 1970இல் பிளாக் சப்பாத் குழுவின் முதல் தட்டு வந்தது. அடுத்த வருடமே சுருதியை இன்னும் கீழே இறக்கினார். ஹெவி மெட்டல் என்று உலகம் சொல்கிற அந்தக் கனத்தில் பெரும்பங்கு அங்கிருந்து வந்தது. அந்தக் குழுவில் பாடிய ஓசி ஆஸ்போர்ன், பாட வருமுன் அறுப்புக்கூடத்தில் வேலை பார்த்தவர்.

தகடு, தோல், அறுப்புக்கூடம். எங்கள் வீடுகளுக்குப் புதிய சொற்கள் இல்லை. கணபதி, பீளமேடு பக்கப் பட்டறைகளில் பவர் பிரஸ்ஸில் விரலைக் கொடுத்தவர்களுக்கு நஷ்டஈடு கேட்டு அலைவது எங்கள் வேலையில் ஒரு பகுதி. வருகைப் பதிவேட்டில் பெயரே இல்லாதவர்கள், ஈ.எஸ்.ஐ. அட்டை இல்லாதவர்கள். அவர்கள் யாரையும் பார்க்க மேலாளர் இசைத்தட்டு எடுத்து வந்ததாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

அதனால் "பர்மிங்காமும் கோயமுத்தூரும் ஒன்றுதான்" என்று எங்கள் இடதுசாரி நண்பர்கள் கட்டித்தழுவ வரும்போது கொஞ்சம் தள்ளி நிற்கிறோம். அறுப்புக்கூடத்தில் வேலை பார்த்தவர் என்பது ஓசிக்குப் பேட்டிகளில் சொல்ல ஒரு கதையாக இருந்தது. எங்கள் ஊரில் அது பேரப்பிள்ளை வரைக்கும் கூடவே வரும். திருப்பூர் பனியன் தொழிலைப் பற்றி ஷரத் சாரி 2004இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். கவுண்டர் சமூகத்திலிருந்து வந்த தொழிலாளிகள் தங்கள் உழைப்பையே மூலதனமாகச் சொல்லி முதலாளிகள் ஆன கதை அதில் இருக்கிறது. உழைப்பு எங்கள் அப்பாக்களிடமும் இருந்தது. கடன் கொடுக்கவும் ஜாமீன் நிற்கவும் பங்காளியாகச் சேர்த்துக்கொள்ளவும்தான் ஆள் இல்லை. எம்.ஏ. சமூகவியலில் நாங்கள் படித்ததில் உருப்படியாக நினைவில் நிற்பவற்றில் இதுவும் ஒன்று.

சரி, சிங்கிளுக்கு வருவோம். 1979 வாக்கில் இங்கிலாந்தில் பெரிய கம்பெனிகள் இந்தச் சத்தத்தை அவ்வளவாக மதிக்கவில்லை. பையன்கள் காத்திருக்கவில்லை. அயர்ன் மெய்டன் குழு அந்த வருடம் நவம்பரில் 'தி சவுண்ட்ஹவுஸ் டேப்ஸ்' என்ற ஏழு அங்குலத் தட்டைத் தாங்களே வெளியிட்டது. 5,000 பிரதிகள், தபாலில் விற்பனை. உருக்காலை நகரமான ஷெஃபீல்டிலிருந்து டெப் லெப்பர்ட் அதே வருடம் தங்கள் சொந்தப் பெயரில் ஒன்று போட்டது. கேர்ல்ஸ்கூல் என்ற பெண்கள் குழுவின் முதல் சிங்கிளும் 1979தான். கப்பல் கட்டும் ஊரான வால்சென்டில் நீட் ரெக்கார்ட்ஸ் என்ற சின்னக் கம்பெனி உள்ளூர்ப் பையன்களைப் பிடித்துத் தட்டு போட்டுக்கொண்டே இருந்தது. இப்படி வந்து, ஒரு தட்டோடு காணாமல் போன குழுக்கள் ஏராளம். பின்னால் மெட்டாலிகாவைத் தொடங்கிய லார்ஸ் உல்ரிக் பையனாக இருந்தபோது இவற்றைத் தேடிச் சேர்த்தவர். 1990இல் ஜெஃப் பார்ட்டன் என்ற பத்திரிகையாளரோடு சேர்ந்து அவற்றைத் தொகுத்தும் வெளியிட்டார். சேகரித்தவர் ஒருவர் இருந்ததால் பிழைத்த பாட்டுகள் அவை.

எங்களை உண்மையில் உலுக்கியது வேறொரு தட்டு. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் ஹாக்னி என்ற குடும்பத்தின் மூன்று கறுப்பினச் சகோதரர்கள் டெத் என்று பெயர் வைத்து ஒரு குழு நடத்தினார்கள். இது மெட்டலா, ராக்கா, பங்க்கா என்று சேகரிப்பாளர்கள் சண்டை போடுவார்கள். எங்களுக்கு அந்த வழக்கு வேண்டாம். பெயரை மாற்றினால் பார்க்கலாம் என்று பெரிய கம்பெனித் தலைவர் சொன்னார். மூத்தவர் டேவிட் மறுத்துவிட்டார். 1976இல் 'பொலிட்டீஷியன்ஸ் இன் மை ஐஸ்' என்ற சிங்கிளைத் தாங்களே போட்டார்கள். 500 தட்டுகள். யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் உலகம் தேடி வரும், டேப்பைப் பத்திரமாக வையுங்கள் என்று தம்பிகளிடம் சொல்லிவிட்டு டேவிட் 2000இல் இறந்துபோனார். அந்த ஐந்நூறில் சில தட்டுகள் சேகரிப்பாளர்கள் கையில் சிக்கி, பேச்சு பரவி, 2009இல் அவர்கள் பாட்டுகள் முழுத்தட்டாக வந்தன. அசல் சிங்கிள் எங்களிடம் இல்லை. அதன் விலை எங்கள் நான்கு பேரின் ஒரு வருடச் சேமிப்பையும் தாண்டும். 2009இல் வந்த தட்டு இருக்கிறது.

ஐந்நூறு போதும் என்பதுதான் அதில் எங்களுக்குக் கிடைத்த செய்தி. ஐந்நூறு பிரதி அடித்தால் அடிக்கிற போலீஸ், எரிக்கிற ஊர், இடிந்து விழுகிற வீடு எல்லாவற்றையும் தாண்டி ஏதாவது ஒன்று எங்கேயாவது ஒரு அலமாரியில் பிழைத்துக் கிடக்கும்.

ஆனால் எந்த அலமாரியில்? உக்கடம் பழைய சாமான் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை கிளறினால் கிடைக்கும் தட்டுகளைப் பார்த்தாலே தெரியும். எம்.ஜி.ஆர். பாட்டு, சிவாஜி பட வசனம், பக்திப் பாட்டு, கச்சேரி. எப்போதாவது கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான ஆங்கில ராக் தட்டு. "இதுல நம்ம பாட்டு ஒண்ணுமில்லீங்ளே, எடுத்துட்டுப் போங்க" என்று கடைக்காரர் அதை எங்களிடம் சல்லிசாகத் தள்ளிவிடுவார். தட்டு வாங்கவும் பாட்டுப் பெட்டி வாங்கவும் வசதி இருந்த வீடுகளிலிருந்தும், ரேடியோ செட் போட்டவர்களிடமிருந்தும் வந்தவை இவை. கோயில் நோம்பிக்குப் புளியமரத்தில் கட்டிய குழாயில் எங்கள் அம்மாக்கள் கேட்டதும் இந்தத் தட்டுகள்தான். குழாய் ஊரைப் பார்த்துத்தான் கட்டியிருக்கும். காலனிக்குக் காற்று கொண்டுவந்த மிச்சம்.

நம் கதையே தட்டில் இல்லையா என்றால், இருக்கிறது. நந்தனார் பாட்டுகளைத் தண்டபாணி தேசிகர் பாடியிருக்கிறார். 1935இல் நந்தனார் வேடத்தில் நடிக்க ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கியவர் எங்கள் கொங்குநாட்டுக் கொடுமுடிக்காரரான கே.பி. சுந்தராம்பாள். அந்தக் குரலைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் கோயிலுக்குள் போக நெருப்பில் இறங்க வேண்டியவனின் கதை அத்தனை முறை பாடப்பட்டிருக்க, அவன் பறை ஒலிக்கிற ஒரு தட்டு எங்கள் கைக்கு இதுவரை வரவில்லை. அந்தக் காலத்து 78 சுற்றுத் தட்டு அரக்கில் செய்தது. சோட்டாநாக்பூர் காடுகளில் ஆதிவாசிகள் மரம் மரமாகச் சேகரித்த அரக்கு. பொருள் அவர்களுடையது, சத்தம் வேறு யாருடையதோ.

சேகரிப்பில் எங்களுக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. மெட்டலுக்குள் இனவெறியர்களும் இருக்கிறார்கள். கொலைக்கும் தேவாலயம் எரித்ததற்கும் 1994இல் தண்டனை பெற்ற நார்வேக்காரர் வர்க் விக்கெர்னெஸின் தட்டுகளுக்கு இன்றும் நல்ல விலை. "கலையைக் கலையாகப் பாருங்கள்" என்பார்கள். டெம்போவில் குழாய் கட்டி, எங்கள் காலனி முக்கில் மட்டும் சத்தத்தைக் கூட்டிவைத்துச் சாதிப் பெருமைப் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறவர்களை அன்றாடம் பார்க்கிறவர்களிடம் அந்த வாதம் செல்லாது. வாங்குவதில்லை, இலவசமாகக் கொடுத்தாலும் வைப்பதில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு யோசனை வந்தது. அடுத்தவன் சிங்கிளைத் தேடுவது போதும், நாமே ஒன்று போட்டால் என்ன? அன்னூர் பக்கம் ஒரு காலனியில் தப்பட்டை அடிக்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். அவர் அடிக்கும் சில அடிகள் அவருக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் யாருக்கும் வராது. ரெக்கார்டரோடு போனோம். எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் கேட்டார்: "பதிஞ்சு வெச்சு என்ன கண்ணு பண்றது? எங்களக் கூப்படறதுக்குப் பதிலா அந்தத் தட்டையே எழவூட்டுல போட்டுக்குவாங்க."

அது பயந்தவர் பேச்சு இல்லை. ஊர்க்காரர் சாவுக்கு அடிக்கப் போவதில்லை என்று அந்தக் காலனி முடிவெடுத்துப் பல வருடங்கள் ஆகின்றன. அதற்காகத் தோட்ட வேலை நின்றது, மளிகைக் கடனும் நின்றது. அத்தனை இழந்து நிறுத்திய அடியை, அடித்தவரே இல்லாமல் ஒலிக்கிற பொருளாக மாற்றித் தரவா நாங்கள் போனோம்? கலையாக மீட்க வேண்டும் என்பவர்களும் அடிக்கவே கூடாது என்பவர்களும் நம் இயக்கத்துக்குள் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது. அடித்த கை யாருடையதோ அவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது எங்கள் கட்சி. ரெக்கார்டரைப் பையிலிருந்து எடுக்காமலே திரும்பினோம்.

போன வருடம் அவரே ஆள் விட்டார். ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் படத்துக்கு முன்னால் அடிப்பேன், அதைப் பதிந்துகொள்ளுங்கள், எத்தனை தட்டு, யாருக்குப் போகும் என்பதை எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தோம். நூறு தட்டு, விற்பனை இல்லை, காலனிக்கு நாற்பது. எங்கள் வழக்கறிஞர் தோழர் அதற்கு முத்திரைத்தாள் வேறு வாங்கினார். அவர் அதில் கைநாட்டு வைக்கவில்லை, கையெழுத்தே போட்டார்.

இப்போது சிக்கல் வேறு. 45 சுற்றில் ஏழு அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஐந்து நிமிடம், மிஞ்சிப்போனால் ஆறு. அவரோ தப்பட்டையைத் தீயில் காய்ச்சி, தட்டிப் பார்த்து, மறுபடி காய்ச்சி, அடியில் சூடு ஏறவே பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார். முழுதாக இருபத்தேழு நிமிடம். எங்கே வெட்டலாம் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். வெட்டக் கூடாது என்றால் பெரிய தட்டுக்குக் காசு தேட வேண்டும்.